குவாம் தீவு ஜப்பான் ஆக்கிரமிப்பு போட்டோஸ் ஏன் கிடைக்கல?

முத்தியால்பேட்டை வாசகன்:
பாண்டில பசங்களுக்காக ஒரு போட்டோ கண்காட்சி வைக்கிறோம், 1941 டிசம்பர்ல அமெரிக்கா கையில இருந்த பசிபிக் தீவு குவாம ஜப்பான் பிடிச்சதுலேர்ந்து 1944 வரைக்கும். தேடுனா அமெரிக்கா திரும்ப எறங்குன படமாத்தான் வருது, நடுவுல ரெண்டரை வருஷம் அந்தத் தீவோட பூர்வகுடிங்களான சமோரோ ஜனங்க என்ன பாடுபட்டாங்கன்னு காட்ட ஒண்ணுமே சிக்கல, ஏன்?

கடலூர் ஓ.டி.காரன்:
அண்ணே, கேமரா யார் கையில இருந்துச்சுன்னு பாருங்க. ஜப்பான் பக்கம் எடுத்தது ராணுவ சென்சார் தாண்டித்தான் பத்திரிகைக்கே போகும், கட்டாய வேலை, அடி உதையெல்லாம் அதுல எப்படி வரும்? 1944 ஜூலை 21 அசான், அகட் கடற்கரைல எறங்குன அமெரிக்கப் படையோட போட்டோகிராஃபருங்களும் வந்தாங்க, அதான் அது மட்டும் குவிஞ்சு கெடக்கு. ஜப்பான் படை குவாம்ல மனெங்கோன் முகாம்ல அடைச்சு வச்சிருந்த ஜனங்கள பத்தி தேடிப் பாருங்க, அத கட்டாயம் சொல்லணும். இன்னொண்ணு, தலைநகர் அகான்யா தரைமட்டமானது அமெரிக்க குண்டுவீச்சுல, அதையும் மறைக்காம கேப்ஷன்ல போடுங்க.

பீச் ரோடு வாக்கர்:
காப்பிரைட் பயம் வேணாம், அமெரிக்க ராணுவக்காரங்க டியூட்டில எடுத்த படத்துக்கு அங்க காப்பிரைட் கிடையாது, அவங்க தேசிய ஆவணக்காப்பக சைட்ல பெரிய சைஸ்லயே எறக்கலாம். முடிஞ்சா நியூ கலிடோனியாவுக்கும் ஒரு பலகை வைங்க, நம்ம பாண்டி மாதிரியே 1940 செப்டம்பர்ல, ஜெர்மனிக்குப் பணியாம நின்ன பிரெஞ்சு தலைவர் டி கோல் பக்கம் போன பிரெஞ்சு தீவு, 1942 மார்ச்ல அமெரிக்கப் படை வந்து எறங்குச்சு, ஆனா அது ஆக்கிரமிப்பு இல்ல, தனியா வைங்க.

முத்தியால்பேட்டை வாசகன்:
ரொம்ப நன்றிங்க, படம் இல்லாத வருஷங்களுக்கு வெறும் எழுத்து மட்டும் வச்சு ஒரு பலகை போட்டுடறேன்.