பதில்: பள்ளிக்கூடத்துக்கு பாண்ட் செற் வாங்குற விசயம் (யோர்க்‌ஷயரில இருந்து கொஞ்சம் நீளமா)

எல்லாருக்கும் வணக்கம்.

காசு சேத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புது பாண்ட் கருவியள் வாங்குவம் எண்டு ரொறன்ரோ அண்ணை எங்கட பழைய மாணவர் குழுவுக்குப் போட்ட மடலும் அதுக்குப் பிறகு பாரிஸ், மெல்பேண் பக்கத்து ஆக்கள் எழுதினதும் எல்லாம் வாசிச்சனான். பள்ளிக்கூடத்து பாண்ட் கருவியள் களிம்பு பிடிச்சு, ட்றம் தோல் கிழிஞ்சு கிடக்கு, இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு ஸ்பீக்கரில பாட்டுப் போட்டுத்தான் பிள்ளையள் அணிநடை போகினம் எண்டு அதிபர் எழுதினதை வாசிக்கக் கவலையாத்தான் இருந்தது. புதுசா வாங்குவம் எண்டதுக்கு நானும் ஓம். என்ர பங்கைப் பொருளாளருக்கு அனுப்பிவிடுறன்.

ஆனா சேருற காசு முழுக்கக் கருவிக்கே போகக்கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்லுறன், ஏனெண்டா நான் இருக்கிறது இங்கிலாந்தின்ர வெஸ்ட் யோர்க்‌ஷயரில, ஹடர்ஸ்பீல்ட் பக்கம், பிராஸ் பாண்டுக்கு, அதாவது பித்தளை ஊதுகருவி பாண்டுக்கு, இதைவிடப் பேர்போன இடம் உலகத்தில இருக்குமோ தெரியாது, பஸ்ஸில கொஞ்சத்தூரம் போனா ஒரு பாண்ட், மற்றப் பக்கம் திரும்பினா இன்னொரு பாண்ட், என்ர மகளும் சின்னாக்களின்ர பாண்ட் ஒண்டில ரெனர் ஹோர்ண் எண்ட நடுத்தர அளவு ஊதுகருவி வாசிக்கிறா, அவவைக் கூட்டிக்கொண்டு போய் ஒத்திகை முடியுமட்டும் பின்வாங்கில இருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் இதில சரியான விருப்பம் வந்திட்டுது. அப்பிடிப் பாத்ததில தெரிஞ்சது, ஒரு பாண்டைத் தாங்கி வைச்சிருக்கிறது பழக்குற ஆளும், பூட்டித் திறக்க ஒரு அறையும், மழையோ பனியோ கிழமை தவறாம வந்து கூடுற சனமுந்தான். கருவி அதுக்குப் பிறகு.

இஞ்சத்தைப் பெரிய பாண்டுகளில கனக்க ஒரு முதலாளியை நம்பித் தொடங்கினதுகள். குவீன்ஸ்பெரி எண்ட மலைமேல் ஊரில பிளாக் டைக் எண்ட பெரிய நூல் ஆலை இருந்தது, அதின்ர முதலாளி ஜோன் பொஸ்ரர் 1855 இல ஊர் பாண்டைத் தன்ர ஆலையோட சேத்து, யூனிபோம், ஒத்திகை அறை எல்லாம் குடுத்தவர். ஆலை ஓட்டம் நிண்டு எவ்வளவோ காலம், பிளாக் டைக் பாண்ட் இண்டைக்கும் உலகத்தில முதல் வரிசையில நிக்குது. ஆனா எனக்கு மனசுக்குக் கிட்டின பாண்ட் எண்டா பிரிக்ஹவுஸ் றாஸ்ட்றிக்தான். ஒட்டினாப்போல ரெண்டு சின்ன ஊர், 1881 இல தொடங்கின பாண்ட், ஆலை முதலாளியும் இல்லை சுரங்கமும் இல்லை, பொதுச்சனத்தின்ர சந்தாவிலதான் காலம் காலமா ஓடுது. எங்கட கோயில் திருவிழாவில ஒரு பணக்காரர் தனிய எடுக்கிற உபயத்துக்கும் ஊர் சேந்து செய்யிற உபயத்துக்கும் உள்ள வித்தியாசம் மாதிரித்தான் இது, அந்தப் பணக்காரர் கொழும்புக்குப் போயிட்டார் எண்டா அந்த நாள் திருவிழா என்ன பாடுபடும் எண்டு எங்கள் எல்லாருக்கும் தெரியுந்தானே.

அந்த பிரிக்ஹவுஸ் பாண்ட் 1977 இல ஒரு றெக்கோட் போட்டது. புளோரல் டான்ஸ் எண்ட பழைய பாட்டு, கோர்ண்வோல் பக்கத்து ஊர்த் திருவிழா நடனத்தைப் பற்றினது, அதை பாண்டுக்கு ஏத்தமாதிரி அமைச்சது டெரிக் புரோட்பென்ற் எண்ட அவையின்ர நடத்துனர். பகலில வேலைக்குப் போய்ப் பின்னேரம் வாசிக்கிற ஆக்களின்ர றெக்கோட், பாடகர் இல்லை, கிற்றார் இல்லை, அது அந்த வருசக் கிறிஸ்மஸ் நேரம் கூட விக்கிற றெக்கோடுகளின்ர பிரிட்டிஷ் சார்ட்டில ரெண்டாம் இடத்துக்கு வந்து நிண்டது, முதலாம் இடத்தில நிண்டவர் பீற்றில்ஸ் குழுவில இருந்த போல் மக்கார்ட்னி, அவரைத்தான் தள்ளேலாமப் போச்சு. அதே மக்கார்ட்னி 1968 இல பிளாக் டைக் பாண்டோட சேந்து றெக்கோட் போட சால்ற்றெயர் எண்ட ஆலைக் கிராமத்துக்கே வந்தவர். லண்டனில இல்லாத ஸ்ரூடியோவே, ஆனா இந்தச் சத்தம் இஞ்சத்தை மண்டபத்திலதான் கிடக்கு.

கிறைம்தோர்ப் கதையையும் கட்டாயம் சொல்லோணும். பார்ண்ஸ்லிக்குக் கிட்ட ஒரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம், சுரங்கத் தொழிலாளர் 1917 இல தொடங்கின பாண்ட். சுரங்க பாண்டுகளுக்குத் தொழிலாளரின்ர சம்பளத்தில இருந்து ஒவ்வொரு கிழமையும் ஒரு சின்னத் தொகை கழிச்சுக் குடுக்கிறது இஞ்ச கன இடத்தில இருந்த வழக்கம். 1992 ஒக்டோபரில 31 சுரங்கம் மூடப்போறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சுது, கிறைம்தோர்ப்பும் அதில. அறிவிச்சு நாலு நாளில அந்த பாண்ட் லண்டன் அல்பேட் ஹோலுக்குப் போய்த் தேசியப் போட்டியில முதலிடம் அடிச்சுது. நினைச்சுப் பாருங்கோ, வீட்டில அடுத்த மாசம் சம்பளம் வருமோ தெரியாது, ஊரே கலையப்போகுது, அந்த நேரம் மூச்சடக்கிக் கடைசிச் சுரம்வரைக்கும் பிசகாம வாசிச்சிருக்கினம். அடுத்த வருசம் சுரங்கம் மூடியே போட்டினம். பாண்ட் மூடேல்லை. 1996 இல வந்த 'பிராஸ்ட் ஓஃப்' எண்ட படம் அந்தக் கதையை வைச்சு எடுத்ததுதான், அதுக்கு வாசிச்சதும் அவைதான், அதுக்குப் பிறகு உலகம் முழுக்கத் தெரியவந்திட்டுது. ஊரைவிட்டு வந்த எங்களுக்கு இந்தக் கதை மற்ற ஆக்களை விடக் கூட விளங்கும் எண்டு நான் நம்புறன். ஊரில வேலை போச்சு, சனம் பாதி போச்சு, கிழமைக்கு ரெண்டு நாள் கூடுற அந்த அறை மட்டும் நிண்டுபிடிச்சிட்டுது.

இனி கருவி விசயம், இதை நிர்வாகசபை கவனமா வாசிக்கோணும். வாங்கப்போற கருவியளின்ர விலைப்பட்டியலில முழுக்க ட்றம்பெற்றும் ட்றம்முமாக் கிடக்கு. இஞ்சத்தைப் பிராஸ் பாண்டில ட்றம்பெற்றே இல்லை, பிரெஞ்சு ஹோர்ணும் இல்லை. ட்றம்பெற்றை விடக் கொஞ்சம் கட்டையான கோர்ணெற்தான், பத்துக் கோர்ணெற், ஒரு புளூகல் ஹோர்ண், மூண்டு ரெனர் ஹோர்ண், ரெண்டு பரிரோன், ரெண்டு யூபோனியம், மூண்டு ட்றொம்போன், நாலு பெரிய பாஸ் ரியூபா, மொத்தம் 25 ஆள், அதோட ட்றம் வகையள். சத்தம் காதைக் குத்தாது, உருண்டு வரும். இதில பெரிய வசதி என்னெண்டா, பாஸ் ட்றொம்போனைத் தவிர எல்லா ஊதுகருவிக்கும் சுரம் ஒரே மாதிரித்தான் எழுதுறது, வால்வுள்ள கருவியளில மூண்டு வால்வுக்கும் விரல் வைக்கிற முறையும் ஒண்டுதான், அதால கோர்ணெற் பழகின பிள்ளை நாளைக்கு ரெனர் ஹோர்ணுக்கோ ரியூபாவுக்கோ மாறினாலும் புதுசாப் படிக்கத் தேவையில்லை, ஓஎல் சோதனைக்குப் படிக்கப் போயிட்டான், வெளிநாடு போயிட்டான் எண்டு ஒருத்தன் குறைஞ்சா பக்கத்தில இருக்கிறவனை அந்தக் கதிரையில இருத்தலாம். ஒரே ஒரு ஆசிரியரால முழு பாண்டையும் பழக்கலாம். சுரங்கத்திலயும் ஆலையிலயும் வேலை செய்த சனம் இரவில பழகிறதுக்கு ஏத்த முறை, எங்கட பள்ளிக்கூடத்துக்கும் இதைவிட நல்லது இல்லை. சின்னக் கைக்கு ரெனர் ஹோர்ண் நல்லாச் சரிவரும், என்ர மகள் அதிலதான் தொடங்கினவ.

பாண்டுகள் பயணம் போற விசயத்தையும் சொல்லோணும், ஏனெண்டா பிள்ளையளை இழுத்து வைச்சிருக்கிறது அதுதான். மன்செஸ்ரர் பக்கத்து பெசஸ் ஓ த் பார்ண் எண்ட பாண்ட் 1906 இலயே கப்பலேறி வட அமெரிக்கா, ஹவாய், பீஜி, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா எண்டு சுத்தி அடுத்த வருசந்தான் திரும்பி வந்தது, பிறகு 1909 இலயும் வெளிக்கிட்டது. அந்தளவுக்கு வேண்டாம், இஞ்ச விற் வெள்ளி எண்டு ஒரு நாள் இருக்கு, பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் பிறகு வாற வெள்ளி, சடில்வேர்த் மலைக் கிராமங்களில டெல்ப், டொப்குறொஸ், அப்பர்மில் எண்டு ஒவ்வொரு ஊரும் தன்ர தன்ர போட்டி வைக்கும். நூறுக்கு மேல பாண்டுகள் கோச் பஸ்ஸில வந்து இறங்கி, தெருவால அணிநடையா வாசிச்சுக்கொண்டு போய், ஒரு இடத்தில நிண்டு போட்டிக்கான மார்ச்சை வாசிச்சுப்போட்டு, உடன பஸ்ஸில ஏறி அடுத்த ஊருக்கு ஓடும். நடுவர் மேல் மாடியிலயோ கரவன் வண்டியிலயோ திரையை மூடிப்போட்டு உள்ளுக்க இருப்பார், எந்த பாண்ட் வாசிக்குது எண்டு அவருக்குத் தெரியாது, காதை மட்டும் நம்பித்தான் புள்ளி. உலகச் சாம்பியன் மாதிரி ஆக்களும் போன வருசம் பழகத் தொடங்கின பள்ளிக்கூடப் பிள்ளையளும் ஒரே தெருவால போகினம், சனம் ரெண்டு பேருக்கும் கைதட்டும். 1884 தொடக்கம் நடக்குது இது. பேர்மிங்காம், லெஸ்ரர் பக்கம் இருக்கிற எங்கட ஆக்கள் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோ, கிறீன்பீல்ட் ஸ்ரேசனில இறங்கினா நடந்தே பாக்கலாம், குடையும் சப்பாத்தும் நல்லதாக் கொண்டுவாங்கோ.

ஒஸ்லோ அக்காமாருக்கு இது ஒண்டும் புதுசில்லை, அங்க நோர்வே தேசிய நாளான மே 17 இல பள்ளிக்கூட பாண்டுகள் போறதில எங்கட பிள்ளையளும் ஊதிக்கொண்டு போகினம். அந்த பாண்டுகளுக்குக் காசு சேக்கப் பெற்றோர் பழைய சாமான் சந்தை வைக்கிறது, வீடு வீடா ரொயிலற் பேப்பர் விக்கிறது எல்லாம் அவைக்குப் பழக்கம். அக்கா, அதைப் பற்றி விவரமா ஒரு மடல் போடுங்கோவன், பெற்றோர் குழு எப்பிடி நடத்துறது எண்டது எங்கட பள்ளிக்கூடத்துக்கும் தேவைப்படும்.

றெக்கோடிங். இஞ்ச நல்ல பாண்டுகள் கனக்க தங்கட பக்கத்து ரவுண் ஹோலிலயே, டியூஸ்பரி, மோர்லி மாதிரி இடங்களில, றெக்கோட் பண்ணும். கொன்சேட் இடைவேளையில ஒரு மேசையில சீடியை அடுக்கி வைச்சு பாண்ட் ஆக்களின்ர வீட்டுக்காரர்தான் விக்கிறது, அந்தக் காசு யூனிபோமுக்கும் சுரத்தாளுக்கும் போகும். சின்ன பாண்டும் தங்கட வசதிக்கு ஏத்தமாதிரிச் செய்யும். நூறு வருசத்துக்கு முந்தின வாசிப்பையே இண்டைக்குப் பழகிற பிள்ளை கேக்கலாம், அந்தக் காலத்து ஆள் எந்த இடத்தில மூச்செடுத்தார் எண்டதுகூடக் கேக்கும். எங்களிட்ட என்ன இருக்கு? எங்கட கோயிலில விடிய விடிய நடந்த மேளக்கச்சேரியள் எவ்வளவு, 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோட கசெற்றுகளும் போச்சு, மிஞ்சினது ஆரின்ரயோ சூட்கேசில கிடக்கும். அப்பிடி ஒரு கசெற் உங்களிட்ட இருந்தா, போட்டுப் பாக்கிறன் எண்டு பழைய மெசினில போட வேண்டாம், நாடா அறுந்திடும், இந்தக் குழுவுக்கு எழுதுங்கோ, கணினிக்கு மாத்தித்தர ஒழுங்கு செய்யலாம். பள்ளிக்கூட பாண்டும் தொடங்கின நாளில இருந்தே வருசத்துக்கு ஒருக்கா வாசிப்பைப் பதிஞ்சு வைக்கோணும். பிழையான சுரம் இருந்தாலும் பரவாயில்லை.

என்ர யோசனை இதுதான், விருப்பமில்லாட்டி மறுத்து எழுதுங்கோ. சேருற காசில பாதியை மட்டும் கருவிக்கு எடுப்பம், அதிலயும் கோர்ணெற், ரெனர் ஹோர்ண், பரிரோன், ஒரு யூபோனியம், ட்றம் எண்டு குறைவாத் தொடங்குவம், 25 வேண்டாம், பத்துப் பன்னிரண்டு பேர் காணும். மற்றப் பாதியை வங்கியில போட்டு, பாண்ட் பழக்கத் தெரிஞ்ச ஒரு ஆசிரியருக்கு மாசாமாசம் மூண்டு வருசத்துக்குக் குடுப்பம். வடக்குப்பக்கக் கட்டடத்தில பூட்டுப்போட்ட ஒரு அறையை அதிபரிட்டக் கேப்பம், எங்கட கடல்காத்துக்கும் புழுதிக்கும் வால்வு இறுகிப்போகும், கிழமைக்கு ஒருக்காக் கழட்டித் துடைச்சு எண்ணெய் விடோணும், அதையும் பிள்ளையளே செய்யப் பழகோணும். பழைய மாணவரில ஊதத் தெரிஞ்ச ஆக்கள் ஊரில இன்னும் நிக்கினம், அவையும் வந்து பிள்ளையளுக்குப் பக்கத்தில இருந்து வாசிக்கட்டும். இஞ்ச பதினொரு வயசுப் பிள்ளைக்குப் பக்கத்தில எழுபது வயசு ஐயா இருந்து, அவ பிந்தினா முழங்காலில தட்டி எண்ணிக்காட்டுறார், அதைவிட நல்ல வகுப்பு நான் காணேல்லை.

தலைவர் அண்ணை, அடுத்த சூம் கூட்டத்து நிகழ்ச்சி நிரலில இதைப் போடுங்கோ. அதுக்கு முதல் ஊரில நிக்கிற ஆராவது பள்ளிக்கூடத்துக்குப் போய் பழைய கருவியள் ஒவ்வொண்டையும் படமெடுத்து அனுப்புங்கோ, வால்வு மேல கீழ போகுதோ, குழாயில நெளிவு இருக்கோ, ஓட்டை இருக்கோ, வாய்வைச்சு ஊதுற துண்டு இருக்கோ எண்டு தனித்தனியா எழுதினாப் போதும். எங்கட பாண்டுக்குக் கருவி திருத்தித் தாறவரிட்டக் காட்டி, எதைத் திருத்தலாம் எதை விடலாம் எண்டு கேட்டு எழுதுறன். களிம்பு பிடிச்சதெல்லாம் பழுதில்லை, ஒண்டையும் இரும்புக்காரருக்குக் குடுத்துப்போடாதேங்கோ.

அன்புடன்,
ஹடர்ஸ்பீல்டில இருந்து