தொப்பென்று இறக்கினால் குறையா?

சுமதி சித்தி: கட்டுநாயக்கவில் இறங்கிவிட்டோம். சரியான மழை. சென்னையில் இருந்து வடிவாக வந்த பிளேனைக் கடைசியில் தொப்பென்று போட்டார் பைலட் 😡

நிரோஷன்: புதுப் பைலட் போல 😄

ராஜன் மாமா: இல்லைத் தம்பி, வேலை தெரிந்தவர். ஈர ஓடுபாதையில் பூப்போல இறக்கக் கூடாது.

சுமதி சித்தி: நீங்கள் பிளேன் திருத்தும் ஹாங்கரில் வேலை செய்தவர் அண்ணா, பைலட்டை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள்.

ராஜன் மாமா: தண்ணீர் நின்றால், வேகமாக ஓடும் ரயர் தரையைத் தொடாமல் தண்ணீருக்கு மேலேயே வழுக்கும். கணக்கு இதுதான்: ரயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கு. 200 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 127 நொட், மணிக்கு 235 கிலோமீற்றர். ஜெட் பிளேன்கள் பெரும்பாலும் அதைவிட வேகமாகத்தான் இறங்கும். மெதுவாக வைத்தால் பிரேக்குக்குப் பிடிமானம் இல்லை. அழுத்தி வைத்தால் சில்லு தரையைப் பிடித்துச் சுற்றும், இறக்கை மேலே ஸ்பொய்லர் பலகைகள் உடனே எழும்பும், பாரம் முழுக்கச் சில்லுக்கு வரும்.

ராஜன் மாமா: 1993 செப்டெம்பர் 14, வார்சோ. லுஃப்தான்சா ஏ320. பக்கக் காற்று என்று நினைத்து ஒரு பக்கம் சரித்து இறக்கினார்கள். உண்மையில் காற்று பின்னால் இருந்து தள்ளியது. வலது சில்லு பட்டு, இடது சில்லு பட 9 செக்கன் போனது. அது பட்டால்தான் ரிவர்ஸ், அதாவது எஞ்சின் காற்றை முன்னால் திருப்பி வேகத்தைக் குறைப்பது, வேலை செய்யும். ஓடுபாதை முடிந்து மண்மேட்டில் மோதியது. 2 பேர் இறந்தார்கள்.

பெரியம்மா: ராஜன், மழை நாளில் இதையெல்லாம் ஏன் அனுப்புகிறாய்? அவள் இன்னும் வீட்டுக்கு வரவில்லை.

சுமதி சித்தி: நான் என்ரை பை வரும்வரை நிற்கிறேன் அக்கா, பயப்பட ஒன்றும் இல்லை. அண்ணா, இறங்க முதல் என்ரை இடது பக்க ஜன்னலால் ஓடுபாதையே தெரிந்தது. அது எப்படி?

ராஜன் மாமா: அதுதான் பக்கக் காற்று. எங்கள் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது, அதனால் பருவக்காற்று பெரும்பாலும் நேராக வரும். இடிமுகில் வந்தால் கடல் பக்கம் இருந்து குறுக்கே அடிக்கும். அப்போது காற்றுப் பக்கம் மூக்கைத் திருப்பி வந்து, தொடுமுன் சுக்கானால் நேராக்குவார்கள்.

நிரோஷன்: தொட்ட பிறகு ரிவர்ஸைப் போட்டு நிறுத்தலாம்தானே?

ராஜன் மாமா: சிக்கலே அங்கேதான். காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றுப் பக்கம் திரும்பும். அப்படித் திரும்பி நிற்கும்போது ரிவர்ஸ் பின்னால் மட்டும் இழுக்காது, ஓடுபாதை ஓரத்துக்கும் சேர்த்து இழுக்கும். உடனே ரிவர்ஸைக் குறைத்து, பிரேக்கையும் விட்டு, நடுக்கோட்டுக்கு வந்த பிறகுதான் திரும்பப் பிடிக்க வேண்டும். முன்னால் ஓடுபாதை குறைந்துகொண்டே வரும்போது பிரேக்கை விட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், யோசித்துப் பார்!

நிரோஷன்: சரிவராது போல இருந்தால்?

ராஜன் மாமா: ரிவர்ஸ் போட முதல் திரும்ப மேலே தூக்கலாம். போட்ட பிறகு அதுவும் இல்லை. மேலே போனாலும் மழை விடாவிட்டால் தெற்கே இருக்கும் மத்தளை விமான நிலையத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டியதுதான்.

பெரியம்மா: மத்தளையில் இறக்கினால் வெள்ளவத்தைக்கு யார் கூட்டி வருவது?

ராஜன் மாமா: ஒருவரும் இல்லை அக்கா. எண்ணெய் அடிக்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டியதுதான் 😂