புதுப்பிப்பு: இசை விவாத விதிகள் என்ன ஆயின?

ஒரே பாடலின் பழைய பதிவையும் மெருகேற்றிய மறுவெளியீட்டையும் ஒப்பிடும் பேச்சு எங்கள் இசைக் குழுவில் எப்போதும் வாய்ச்சண்டையாகிறது, என்ன விதி வைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பெரிதும் கைகொடுத்தது ஒரு விதிதான்: ஒப்பிடுவதற்கு முன் இரண்டின் ஒலியளவையும் சமமாக்க வேண்டும். சற்றே உரக்க ஒலிப்பது காதுக்குச் சிறந்ததாகவே படும். ஒலியளவின் அலகான டெசிபலில் ஒன்று வித்தியாசப்பட்டால்கூடப் போதும். மறுவெளியீட்டில் குரல் பளிச்சென்று இருப்பதாகச் சாதித்த உறுப்பினர், அளவைச் சமன்செய்து கேட்டார். "குரலில் மாற்றமில்லை. ஆனால் மிருதங்கத்தின் முதல் தட்டு மழுங்கியிருக்கிறது" என்று எழுதினார். இப்படி இடம் சுட்டிப் பேசினால் யாருக்குக் கோபம் வரும்?

'குறுந்தகடு உயர் ஒலிகளை வெட்டிவிடுகிறது' என்ற வாதத்தையும் முடித்துவைத்தோம். குறுந்தகட்டில் ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறார்கள். அதனால் அதில் பாதி, அதாவது சுமார் 22,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையுள்ள ஒலி பதியும். மனிதச் செவிக்கு எட்டுவதோ ஏறத்தாழ 20,000 வரைதான்.

பாடகரோடு இசையமைப்பாளர், கவிஞர், வாத்தியக் கலைஞர்கள் பெயரையும் குறிப்பிடச் சொன்னோம். முணுமுணுப்பு இருக்கிறது, விட்டுக்கொடுக்கப் போவதில்லை. உழைத்தவர் பெயர் விடுபடுவது எனக்குப் பொறுக்காது.

கச்சேரியில் அனுமதியின்றிப் பதிந்தவற்றைப் பகிரலாமா என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை. அதுவரை பகிர்வதை நிறுத்தி வைத்திருக்கிறோம்.