பழைய சஃபாரி உலாவியில் ஒட்டிக்கொள்ளும் பொத்தான்கள்: சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) தெரிந்தவர்களின் உதவி தேவை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் பாத்திரக் கடைக்கு நானே எழுதிய இணையதளம், பொங்கலுக்குப் பிறகு வடிவமைப்பை மாற்றியதிலிருந்து அண்ணனின் ஐஃபோன் 6-இல் மட்டும் சிதைந்து தெரிகிறது. அதில் ஐஓஎஸ் 12.5.7 உள்ளது, ஐஓஎஸ் 12-க்கு மேல் அந்தக் கருவி ஏற்காது. எவர்சில்வர், பித்தளை, செம்பு என்ற மூன்று பொத்தான்களும் இடைவெளியின்றி ஒட்டி, 'எவர்சில்வர்பித்தளைசெம்பு' என்று ஒரே சொல்லாக நிற்கின்றன. படங்களும் வரவில்லை, பழைய சஃபாரி ஏற்காத வெப்பி என்ற பட வடிவில் அவை இருந்ததே காரணம் என்பதால், பிக்சர் குறியீட்டில் ஜேபெக்கையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டேன்.

இடைவெளிதான் மூன்று வாரமாக இழுக்கிறது. பொத்தான்களை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் அமைப்பில், இடைவெளி விடும் 'கேப்' பண்பை சஃபாரி 14.1-இல்தான் (2021) ஏற்றார்கள். ஐஃபோனில் குரோமும் சஃபாரியின் இயந்திரமான வெப்கிட்டின் மேலேயே ஓடுவதால் அதை நிறுவியும் பயனில்லை. பொத்தான்களுக்கு மார்ஜின் (வெளி ஓரம்) கொடுத்தால் பழைய கருவியில் சரியாகிறது, ஆனால் புதிய உலாவிகளில் கேப்பும் சேர்ந்து இடைவெளி இரட்டிப்பாகிறது. அதைத் தவிர்க்க, உலாவி ஒரு பண்பை ஏற்குமா என்று கேட்கும் 'சப்போர்ட்ஸ்' விதியால் கேப்பைச் சோதித்தேன். கட்டங்களாக அடுக்கும் கிரிட் அமைப்பில் அதே பண்பை சஃபாரி 12 ஏற்பதால், ஃபிளெக்ஸ்பாக்ஸுக்கும் சேர்த்து 'உண்டு' என்றே பதில் வருகிறது. (பாதி உண்மை சொல்லும் சாட்சியைப் போல!) ஜாவாஸ்கிரிப்ட்டால் உயரத்தை அளந்து கண்டுபிடிக்கலாம், ஆனால் பக்கம் திறந்த பிறகு பொத்தான்கள் ஒரு கணம் துள்ளுகின்றன.

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல், சிஎஸ்எஸ்ஸை மட்டும் வைத்து, ஃபிளெக்ஸ்பாக்ஸ் கேப்பை ஏற்காத உலாவியைப் பிரித்தறிய நம்பகமான வழி உண்டா?