வெய்பிரிட்ஜ் புரோகிராம்: ஒரே லோரிக்கு ரெண்டு டிக்கெட் அடிக்குது, எக்செல் வேற முரண்டு பிடிக்குது

குலைலோரி:

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியா சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா ஊர்க்காரன், பெருசுங்க இன்னும் அந்த ஊர பத்தாங் பெர்ஜுந்தைன்னு தான் சொல்லுவாங்க. டவுன்ல கம்பியூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், அதோட இங்க ஒரு செம்பனை மில்லுக்கு வெய்பிரிட்ஜ் (லோரி எடை போடுற பாலம்) புரோகிராம் பாத்துக்கறேன். முன்ன விபி6ல (பழைய விஷுவல் பேசிக்) யாரோ எழுதி வச்சது, அத சி ஷார்ப் வின்ஃபார்ம்ஸுக்கு (விண்டோஸ் ஜன்னல் புரோகிராம் எழுதுற முறை) நான் மாத்தினேன். முறையா படிச்சவன் இல்ல, அதனால தப்பு இருந்தா திட்டாதீங்க.

வேலை ரொம்ப சிம்பிள் தான். லோரி பாலத்துல ஏறும், இன்டிகேட்டர் (எடை காட்டுற பெட்டி) சீரியல் போர்ட் வழியா எடைய கம்பியூட்டருக்கு அனுப்பிட்டே இருக்கும், கிராணி (ஆபீஸ் கிளார்க்) ‘சேவ்’ அமுக்குவாரு, எடை ஆடாம நிக்கிற வரைக்கும் ஒரு லூப் ஓடும், நின்னதும் அடுத்த டிக்கெட் நம்பர எடுத்து பிரிண்ட் அடிச்சு, கிராணி தொறந்து வச்சிருக்கிற எக்செல் ஷீட்ல ஒரு வரி சேக்கும். அவ்ளோதான்.

மொதல்ல லூப் ஓடுறப்போ ஸ்கிரீன் வெள்ளையா போய் ‘நாட் ரெஸ்பாண்டிங்’னு வந்துச்சு, நெட்ல தேடிப் பாத்து லூப்புக்குள்ள டூஈவென்ட்ஸ் (காத்திருக்கிற மத்த வேலைய நடுவுல ஓட விடுற கட்டளை) போட்டேன், சரியாயிருச்சுன்னு சந்தோஷப்பட்டேன். இப்போ பாருங்க கூத்த. சாயங்காலம் லோரி வரிசையா நிக்கிற நேரத்துல ஒரே லோரிக்கு ரெண்டு டிக்கெட் வருது. போன வாரம் ஒண்ணு: மொத்தம் 21,360, காலி லோரி 8,940, நிகரம் 12,420 கிலோ. அதே எடை 4417லயும் இருக்கு 4418லயும் இருக்கு. கொன்ட்ரக்டர் ரெண்டுக்கும் காசு கேக்குறாரு, ஆபீஸ்ல என்னைய புடிச்சு காய்ச்சுறாங்க.

இதுல ஒரு விசித்திரம். 4417 டிக்கெட்ல நேரம் 5:42:09. 4418ல 5:42:07. நம்பர் பெருசு ஆனா நேரம் முந்தி! நேரத்த கிளிக் பண்ண உடனே எடுத்து வச்சுக்கறேன், நம்பர பிரிண்டுக்கு முன்னாடி எடுக்கறேன். பேய் புடிச்ச மாதிரி இருக்கு.

அப்புறம் இன்னும் ரெண்டு தொல்லை. எக்செல்ல எழுதும்போது அப்பப்போ ‘கால் வாஸ் ரிஜெக்டட் பை காலீ’ன்னு 80010001 எர்ரர், எப்ப வரும்னு சொல்லவே முடியல. ஷிஃப்ட் முடிஞ்சு புரோகிராம மூடுனா சில நாள் அப்படியே தொங்கிடுது, டாஸ்க் மேனேஜர்ல போய் தான் கொல்லணும். யாராச்சும் சொல்லுங்க லா.

ரப்பர்பால்:

கிராணி கைய கட்டிப் போடுங்க மச்சான், பிரச்சன தீந்துச்சு 😄

எக்செல்லுக்கு ட்ரை கேட்ச் போட்டு உள்ள 500 மில்லிசெகண்ட் ஸ்லீப் வச்சு திரும்ப முயற்சி பண்ணு. நான் அப்படித்தான் ஓட்டுறேன்.

பழைய விபி:

தம்பி, பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த நேரக் குழப்பத்த நீங்க எழுதுனது ரொம்ப நல்லது, அதுலயே விடை இருக்கு.

தோட்டத்துல பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) பாத்திருப்பீங்கல்ல, காலையில எல்லாரும் வரிசையில நிப்பாங்க, ஒரே ஒரு கிராணி ஒரே ஒரு செக்ரோல் புஸ்தகம் வச்சு ஒவ்வொரு பேரா எழுதுவாரு. விண்டோஸ் புரோகிராமும் அப்படித்தான். மவுஸ் கிளிக், கீபோர்ட், ‘ஸ்கிரீன வரைஞ்சு குடு’ங்கறது, டைமர், எல்லாமே மெசேஜா வந்து ஒரு வரிசையில நிக்கும். உங்க ஃபார்மோட (புரோகிராம் ஜன்னல்) த்ரெட், அதாவது கோட வரிசையா ஓட்டுற ஒரு ஆள் மாதிரி, அதுல ஒண்ணொண்ணா எடுத்து, அதுக்கான ஹேண்ட்லர (அந்த மெசேஜுக்குன்னு எழுதி வச்ச கோட்) ஓட்டி, முடிச்சிட்டு அடுத்தத எடுக்கும். கெட்மெசேஜ், டிஸ்பேட்ச்மெசேஜ்னு சி காலத்துல கையால எழுதுவோம், வின்ஃபார்ம்ஸ்ல அப்ளிகேஷன் ரன் அத உள்ளுக்குள்ள செய்யுது. நீங்க சேவ் ஹேண்ட்லர்குள்ள லூப் போட்டு குந்திட்டா வரிசை நகராது, 5 செகண்ட் வரைக்கும் மெசேஜ் எடுக்கலன்னா விண்டோஸே அது மேல ஒரு வெள்ள ஜன்னல போட்டு ‘நாட் ரெஸ்பாண்டிங்’னு எழுதிடும். அது வரைக்கும் நீங்க கண்டுபிடிச்சது சரி.

டூஈவென்ட்ஸ் என்ன பண்ணுதுன்னா, கிராணி ஒருத்தர் பேர பாதி எழுதிட்டு இருக்கும்போதே பேனாவ வைக்காம ‘அடுத்தவன் வா’ன்னு கூப்பிடுறாரு. அந்த அடுத்தவன் யாரு? கிராணி பொறும இல்லாம ரெண்டாவது தடவ அமுக்குன சேவ் கிளிக்! ஹேண்ட்லர் தனக்குள்ளயே இன்னொரு தடவ ஆரம்பிக்குது. 5:42:07ல மொதல் கிளிக், லூப்ல காத்துட்டு இருக்கு. 5:42:09ல ரெண்டாவது கிளிக், மொதல் ஹேண்ட்லரோட டூஈவென்ட்ஸ் அத எடுத்து ஓட்டுது. எடை நிக்குது, உள்ள இருக்கிறது தான் மொதல்ல முடியும், ஏன்னா வெளிய இருக்கிறது அது திரும்பி வர்ற வரைக்கும் நகர முடியாது. அதனால ரெண்டாவது கிளிக் 4417 எடுத்துச்சு, அது முடிஞ்சப்புறம் மொதல் கிளிக் எந்திரிச்சு எடை நிக்குதுன்னு பாத்து 4418 அடிச்சுச்சு. தட்டு அடுக்குற மாதிரி, மேல வச்சது தான் முன்னாடி வெளிய வரும்.

சேவ் பட்டன மட்டும் டிஸேபிள் பண்ணா தப்பிச்சிரலாம்னு நெனைக்காதீங்க. மெனு இருக்கு, ஷார்ட்கட் கீ இருக்கு, மூலையில எக்ஸ் இருக்கு. லூப் ஓடும்போது எவனாச்சும் எக்ஸ அமுக்குனா ஃபார்ம் செத்துப் போயிடும், ஹேண்ட்லர் மட்டும் உசுரோட நின்னு செத்த டெக்ஸ்ட்பாக்ஸ்ல எழுதப் பாக்கும்.

விபி6 காலத்துல நானும் டூஈவென்ட்ஸ் உப்பு மாதிரி தூவினவன் தான், வேற வழி கம்மி அப்போ. இப்போ அது வேண்டாம். லூப்ப எடுத்துடுங்க.

குலைலோரி:

ஐயா, படிச்சதும் தலையில அடிச்சுக்கிட்டேன். தேடிப் பாத்தா ஒண்ணு இல்ல மூணு எடத்துல டூஈவென்ட்ஸ் இருக்கு, ஒண்ணு பிரிண்ட்டுக்கு நடுவுல. லூப்ப எடுத்துட்டு அவெய்ட் டாஸ்க் டிலே (த்ரெட்ட அடைக்காம கொஞ்ச நேரம் பொறுக்கிறது) போட்டேன், ஸ்கிரீன் உறையல. ஆனா வீட்டுல டெஸ்ட் பண்றப்போ வேணும்னே ரெண்டு தடவ அமுக்குனா இன்னும் ரெண்டு டிக்கெட் வருது?!

பழைய விபி:

வரும் தம்பி, வராம என்ன. அவெய்ட் வந்ததும் ஹேண்ட்லர் பாதியில வெளிய வந்து வரிசைய நகர விடுது, டிலே முடிஞ்சதும் மிச்ச பாதி ஒரு மெசேஜா திரும்ப வரிசைக்கு வரும். நடுவுல இன்னொரு கிளிக் தாராளமா நுழையும். தட்டு அடுக்கு போச்சு, அது நல்லது தான், ஆனா கதவு தொறந்தே இருக்கு. ‘எடை எடுத்துட்டு இருக்கோம்’னு ஃபார்ம் அளவுல ஒரு கொடி (ஆமா, இல்லன்னு சொல்ற ஒரு வேரியபிள்) வைங்க, சேவ், மெனு, ஷார்ட்கட், ஃபார்ம் குளோசிங், நாலும் மொதல்ல அத பாக்கணும். கொடிய ஃபைனலிக்குள்ள (எர்ரர் வந்தாலும் கடைசியா ஓடுற பகுதி) எறக்குங்க, இல்லன்னா பிரிண்டர்ல பேப்பர் தீந்து எர்ரர் வந்த அன்னிக்கு மில்லே நின்னுடும்.

இன்னொண்ணு, அவசரத்துல எங்கயாவது டாட் ரிசல்ட், டாட் வெய்ட்னு, டாஸ்க் முடியுற வரைக்கும் த்ரெட்ட நிக்க வைக்கிறத போட்டுடாதீங்க. மிச்ச பாதி வரிசையில நின்னு கூப்பிடும், வரிசைய நகர்த்த வேண்டிய த்ரெட் அது முடியட்டும்னு குந்தியிருக்கும். விடிய விடிய தான்.

மீட்டர்பெட்டி:

மூடும்போது தொங்குறதுக்கு நான் சொல்றேன், இதுல நான் 3 நாள் தூக்கம் தொலைச்சவன். சீரியல் போர்ட்ல எடை வந்ததும் கெளம்புற டேட்டா ரிசீவ்ட் ஈவென்ட் உங்க ஃபார்ம் த்ரெட்ல வராது, வேற த்ரெட்ல வரும். அங்கேருந்து லேபிள்ல எடைய காட்ட இன்வோக் போட்டிருப்பீங்க, சரியா? இன்வோக்னா ஃபார்ம் த்ரெட் செஞ்சு முடிக்கிற வரைக்கும் நிக்கும். ஃபார்ம் மூடும்போது போர்ட் குளோஸ் கூப்பிடுறீங்க, அது ஓடிட்டு இருக்கிற ஈவென்ட் முடியட்டும்னு நிக்கும். ஈவென்ட் ஃபார்முக்கு நிக்குது, ஃபார்ம் ஈவென்ட்டுக்கு நிக்குது, ஒத்தையடிப் பாதையில ரெண்டு மோட்டார் பைக் நேருக்கு நேர் வந்த கதை. எடை வந்துட்டு இருக்கிற அந்த நொடியில மூடுனா தான் மாட்டும், அதனால தான் ‘சில நாள்’.

இன்வோக்க பிகின்இன்வோக்கா மாத்துனாலே முக்காவாசி போயிடும், அது மெசேஜ வரிசையில போட்டுட்டு நிக்காம போயிடும். என் கணக்குக்கு அது கூட வேண்டாம். ஈவென்ட்ல கடைசி எடைய ஒரு வேரியபிள்ல மட்டும் வைங்க, ஃபார்ம்ல 200 மில்லிசெகண்ட் டைமர் ஒண்ணு அத எடுத்து காட்டட்டும். மனுஷ கண்ணுக்கு அது போதும்.

ஆங், ஒரு ஈவென்ட்டுக்கு ஒரு முழு எடை வரும்னு நம்பாதீங்க. பாதி தான் வரும் சில நேரம், 21360ல ‘213’ மட்டும் வந்து நிக்கும். பஃபர்ல சேத்து வச்சு, வரி முடியுற எழுத்து வந்தப்புறம் தான் நம்பரா மாத்தணும்.

ஆபீஸ்புள்ள:

அண்ணே, எக்செல் பக்கம் நான் சொல்றேன். அது உங்க கோட் தப்பும் இல்ல, எக்செல் தப்பும் இல்ல.

இதுல ‘காம்’னு ரெண்டு இருக்கு, ஒண்ணு மீட்டர்பெட்டி அண்ணன் சொன்ன போர்ட், இன்னொண்ணு எக்செல்லோட பேசுற காம் இன்டராப், பேர் ஒண்ணு தான் சொந்தம் இல்ல. எக்செல் தனி புரோசஸ், நீங்க செல்லுல எழுதுன்னு சொல்றது அங்க போய் அதோட மெயின் த்ரெட்ல, பழைய விபி ஐயா சொன்ன அதே மாதிரி ஒரு வரிசையில நிக்கும். கிராணி ஒரு செல்லுக்குள்ள கர்சர வச்சு டைப் பண்ணிட்டு இருந்தாலோ, சேவ் டயலாக் தொறந்திருந்தாலோ எக்செல் ‘இப்ப முடியாது’ன்னு திருப்பி அனுப்பிடும். அது தான் 80010001. எப்போ வருதுன்னு தெரியலன்னீங்கள்ல, கிராணி கை எக்செல்ல இருக்கும்போது வரும்.

ரப்பர்பால் அண்ணன் சொன்ன ஸ்லீப் ஃபார்ம் த்ரெட்ல வேண்டாம், அந்த நேரம் நம்ம வரிசையே நின்னுடும், பழைய கதை. இதுக்குன்னே காம்ல ஐமெசேஜ்ஃபில்டர்னு ஒண்ணு இருக்கு. உஷார், வின்ஃபார்ம்ஸ்லயும் அதே பேர்ல ஒண்ணு இருக்கு, ப்ரீஃபில்டர்மெசேஜ்னு ஒரே ஒரு ஃபங்ஷன் உள்ளது, அது கீபோர்ட் மவுஸ் மெசேஜ வடிகட்ட, அத எடுத்தீங்கன்னா ஒண்ணும் நடக்காது, நான் எடுத்தேன் 😅 நமக்கு வேணும்கிறதுல மூணு ஃபங்ஷன் இருக்கும், நீங்களே இன்டர்ஃபேஸ டிக்ளேர் பண்ணி கோரெஜிஸ்டர்மெசேஜ்ஃபில்டர் கூப்பிட்டு பதியணும். அதுல ரீட்ரை ரிஜெக்டட் காலுங்கறது தான் முக்கியம். 100 இல்ல அதுக்கு மேல நம்பர் திருப்பிக் குடுத்தா அத்தன மில்லிசெகண்ட் பொறுத்து திரும்ப முயற்சிக்கும், 0லேருந்து 99 வரைக்கும்னா உடனே, மைனஸ் 1 குடுத்தா விட்டுடும். கூப்பிட்டு எவ்ளோ நேரம் ஆச்சுன்னும் அதுக்கு வரும், 10 செகண்ட் தாண்டினா மைனஸ் 1 குடுங்க.

இது எஸ்டிஏ (காம் கால் எல்லாம் அந்த ஒரே த்ரெட்டோட வரிசையில வர்ற முறை) த்ரெட்ல மட்டும் தான் வேலை செய்யும், அதுவும் எந்த த்ரெட்ல பதிஞ்சீங்களோ அதுக்கு மட்டும். ஃபார்ம் த்ரெட் ஏற்கனவே எஸ்டிஏ. எக்செல் வேலைய டாஸ்க் ரன்னுக்குள்ள (பின்னணி த்ரெட்) தூக்கிப் போட்டா அது எம்டிஏ (அந்த வரிசை இல்லாத முறை), ஃபில்டர் கெடைக்காது. தனி த்ரெட் தான் வேணும்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே எஸ்டிஏன்னு செட் பண்ணிட்டு, அங்க இன்னொரு தடவ பதியுங்க.

ஆனா அண்ணே, மனசுல பட்டத சொல்றேன். மனுஷன் தொறந்து வச்சு டைப் பண்ற ஷீட்லயே புரோகிராமும் எழுதுறது சரிப்படாது. டிக்கெட்ட மொதல்ல ஒரு டேட்டாபேஸ்லயோ சும்மா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்லயோ எழுதிடுங்க, அது தான் கணக்கு. எக்செல் வெறும் பார்வைக்கு.

ரப்பர்பால்:

சரி சரி, என் ஸ்லீப்ப நானும் எடுத்துடறேன்.

எனக்கு வேற ஒண்ணு: புது பிசில பழைய கேமரா ஓசிஎக்ஸ் (காம் கன்ட்ரோல் ஃபைல்) போட்டா 80040154 கிளாஸ் நாட் ரெஜிஸ்டர்டுங்குது, ரெஜிஸ்டர் பண்ணியாச்சு சத்தியமா.

ஆபீஸ்புள்ள:

ஓசிஎக்ஸ் 32 பிட், உங்க புரோகிராம் 64 பிட்டா ஓடுது அண்ணே. பிளாட்ஃபார்ம எக்ஸ்86னு மாத்துங்க, சிஸ்வாவ்64 ஃபோல்டர்ல இருக்கிற ரெக்எஸ்விஆர்32 வச்சு ரெஜிஸ்டர் பண்ணுங்க. 64னு பேர் வச்ச ஃபோல்டர்ல தான் 32 பிட் சாமான் இருக்கும், என்னைய கேக்காதீங்க.

குலைலோரி:

எல்லாருக்கும் நன்றி. 6 நாள் ஆச்சு, ரெட்டை டிக்கெட் ஒண்ணு கூட இல்ல. நேத்து கிராணி வேணும்னே என் முன்னாடி ஏழு எட்டு தடவ தட்டிப் பாத்தாரு, ஒண்ணு தான் வந்துச்சு. மூடும்போது தொங்கல. கொன்ட்ரக்டர்கிட்ட அந்த நேரக் கணக்க காட்டி 4418 கேன்சல் ஆச்சு, முனகிக்கிட்டே தான் கையெழுத்து போட்டாரு.

எக்செல் ஃபில்டரும் போட்டேன், எர்ரர் கொறஞ்சுச்சு ஆனா தினம் ஒண்ணு ரெண்டு வந்துட்டே இருந்துச்சு, 10 செகண்டும் தாண்டி. என்னடான்னு ஒரு சாயங்காலம் முழுக்க ஆபீஸ்ல ஒக்காந்து பாத்தேன். நம்ம கிராணி ஐயா ஒரு செல்ல எஃப்2 அமுக்கி தொறந்து, பாதி நம்பர அடிச்சிட்டு, ‘தம்பி பாத்துக்க’ன்னு சொல்லிட்டு எதுத்தாப்ல கடைக்கு தே தாரேக் குடிக்க போயிட்டாரு. கர்சர் செல்லுக்குள்ள மின்னிட்டே இருக்கு. 20 நிமிஷம் கழிச்சு தான் வந்தாரு, அதுக்குள்ள மூணு லோரி போயிருச்சு.

அந்தப் புள்ள சொன்ன மாதிரியே டிக்கெட்ட டேட்டாபேஸ்ல எழுதிட்டேன், எக்செல்லுக்கு போகாத வரி ஒரு ஓரமா காத்திருக்கும், அவரு வந்து எண்டர் தட்டினதும் மூணும் தொபதொபன்னு போய் விழுது. அவரு பாத்துட்டு ‘நான் இல்லாதப்போ யாரு என் ஷீட்ட தொட்டது’ன்னு கேட்டாரு.