மறு: பயனர் உரிமமா, பேச்சுரிமமா? (ஐ.பி. தொலைபேசிக் கலைச்சொற்கள்)

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். இணையத்தின் வழி ஓடும் ஐ.பி. தொலைபேசிக்கு அலுவலகங்கள் கட்டும் உரிமக் காசைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

கிள்ளான் ஐயா எழுதியது:
> 'யூசர் லைசென்ஸ்' என்றால் பயனர் உரிமம். 'கன்கரண்ட் கால் லைசென்ஸ்' என்றால் பேச்சுரிமம். சுருக்கமாக இருக்கிறது, இதோடு முடித்துக்கொள்ளலாமே.

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த இரண்டு சொல்லையும் நான் விற்கும் அலுவலகத் தொலைபேசியின் விலைப்பட்டியலில் போட்டு ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.

எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (மலேசியாவின் சிலாங்கூரில்; 2007இல் பெயர் மாறியும் ஊரில் பாதிப் பேருக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்) செம்பனைக் குலை ஏற்றும் லோரிக் கம்பெனி ஒன்று. முதலாளி பழைய தோட்டக் கிராணி (கணக்கெழுத்தர்). கணக்கில் புலி, தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் கையெழுத்து. 'பயனர் உரிமம் 40, பேச்சுரிமம் 4' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னா தம்பி, பேச்சுரிமைக்கு வருசா வருசம் காசா? அதுவும் நாலு பேருக்குத்தானா?"

நானும் சிரித்தேன். பேச்சுரிமம் 4 என்றால் ஒரே நேரத்தில் நாலு பேச்சுதான் என்று விளக்கியிருக்க வேண்டும், விளக்கவில்லை. 40 பயனர் என்று இருந்ததால் 40 பேரும் பேசலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார். காலை ஏழிலிருந்து எட்டுக்குள் தோட்டங்களிலிருந்து லோரி கேட்டு வரிசையாக அழைப்பு வரும். நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் ஐந்தாவது ஆளுக்கு எங்கேஜ் டோன். அவர்கள் முதலாளியின் கைப்பேசிக்கு அடித்து "உங்க ஆபீஸ் போன் செத்துப்போச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் திரும்பிப் பார்த்தால் 36 போன் மேசைமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலையில் நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

கோளாறு கருவியில் இல்லை. நாலு என்று போட்டது என் கணக்கு, அது தப்பு. அந்த நாலை அவர் கேள்வி கேட்காமல் விட்டதற்குக் காரணம் என் சொல்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் சுமார் 60 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். மொத்தம் 180 நிமிடப் பேச்சு. அதை 60ஆல் வகுத்தால் 3. அதாவது சராசரியாக எந்த நேரமும் மூன்று பேச்சு, இதைத்தான் 3 எர்லாங் என்பார்கள். மூன்று போதும், கைக்காவலுக்கு ஒன்று சேர்த்து நாலு என்று நான் போட்டேன். ஆனால் அழைப்புகள் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி ஒன்று முடிந்ததும் ஒன்றாக வருவதில்லையே! ஒரே நிமிடத்தில் ஆறு வரும், பிறகு ஐந்து நிமிடம் ஈயாடும். எர்லாங் வாய்பாட்டில் போட்டுப் பார்த்தால், 3 எர்லாங்குக்கு நாலு தடம் (ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு பேச்சு) இருந்தால் ஐந்தில் ஓர் அழைப்பு திரும்பிப் போகும். ஆறு இருந்தால் இருபதில் ஒன்று. எட்டு வைத்தால்தான் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். திரும்பிப் போனவன் மறுபடி அடிக்க மாட்டான் என்று அந்த வாய்பாடு நம்புகிறது. நம் தோட்டக்காரர்கள் நிமிடத்துக்கு மூன்று தரம் அடிப்பார்கள், ஆகவே நிஜ நிலைமை இன்னும் மோசம்.

இந்த வாய்பாட்டை கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த டென்மார்க்கர் ஆக்னர் எர்லாங் வெளியிட்டது 1917இல். அதே 1917இல்தான் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்டார் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பெயர் தென்னமரம், நிற்பது செம்பனை. பொருளோடு ஒட்டாத பெயரோடு நூறு வருடம் ஓட்ட முடியும் என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. ஆனால் தோட்டத்துப் பெயரைப் பார்த்து யாரும் காசு கட்டுவதில்லை, உரிமத்துக்குக் கட்டுகிறார்கள்.

'எர்லாங்' என்பதைத் தமிழாக்க வேண்டும் என்ற யோசனைக்கு நான் உடன்படவில்லை. 1946இல் அந்த மனிதரின் நினைவாக வைத்த அலகுப் பெயர் அது. வாட், வோல்ட் போல அப்படியே இருக்கட்டும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் காசு கேட்கும் வழி மூன்று. ஆளை எண்ணுவது ஒன்று, கருவியை எண்ணுவது ஒன்று, ஒரே நேரத்தில் நடக்கும் பேச்சை எண்ணுவது ஒன்று. 'பயனர் உரிமம்' என்று பொதுவாகச் சொன்னால் இதில் எது என்றே தெரியாது. எனக்குத் தோன்றியவை:

தலைக்கணக்கு உரிமம்
கருவிக்கணக்கு உரிமம்
தடக்கணக்கு உரிமம்

பெரட்டில் (காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்தும் இடத்தில்) கிராணி தலை எண்ணிச் செக்ரோல் என்ற பதிவேட்டில் பதிந்த ஊர் இது. தலைக்கணக்கு என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். அதே கிராணியிடம் மேசைப் போன், கணினியில் ஒரு செயலி, கைப்பேசியில் ஒரு செயலி இருந்தால் தலைக்கணக்கில் அவர் ஒன்று, கருவிக்கணக்கில் மூன்று. வாசல் காவல் கொட்டகையில் ஒரே போனை மூன்று ஷிப்டுக்கு மூன்று காவலர் எடுத்தால் தலை மூன்று, கருவி ஒன்று. எந்தக் கணக்கு மலிவு என்று வாடிக்கையாளரே விரல் விட்டுச் சொல்லிவிடுவார்.

தடம் என்பது 'சானல்'. தடத்தை எண்ணி விற்பதற்கு முன்மாதிரி உண்டு. ஆஸ்டரிஸ்க் என்ற இணைப்பக (அலுவலக அழைப்புகளை இணைத்துவிடும்) மென்பொருள் இலவசம்தான். ஆனாலும் குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 குறிமுறையை அதில் ஓட்ட ஒரு தடத்துக்கு 10 அமெரிக்க டாலர் என்று விற்றார்கள். எத்தனை போன் வைத்திருக்கிறாய் என்பது அங்கே பேச்சே இல்லை.

இன்னொன்று. இணைப்பகத்தில் எட்டுத் தடம் வாங்கிவிட்டு, சேவை நிறுவனத்தின் சிப் டிரங்கில் (வெளியழைப்புக்கான இணையவழி இணைப்பில்) நாலே தடம் எடுத்தால் வெளியழைப்பு நாலுதான். எட்டு லோரி இருந்தும் எடைமேடை ஒன்றுதான் என்பது போல. இணைய வேகத்தையும் பார்க்க வேண்டும். ஜி.711 என்ற இன்னொரு குறிமுறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட், எட்டுக்குக் கிட்டத்தட்ட 700. வீட்டு இணைப்பே தாங்கும், ஆனால் அதே கம்பியில் யாராவது சிசிடிவி படத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தால் குரல் வெட்டும்.

'கெப்பாசிட்டி பிளானிங்' (எவ்வளவு தேவைப்படும் என்று முன்கூட்டியே கணிப்பது) என்பதற்குக் 'கொள்ளளவுத் திட்டமிடல்' என்று பலர் எழுதுகிறோம். கொள்ளளவு என்றால் எனக்கு அணைக்கட்டுதான் கண்ணில் தெரிகிறது. நீர் தேங்கும், பேச்சு தேங்காது. தொலைபேசி வரைக்கும் 'தடத்தேவைக் கணிப்பு' என்று வைக்கலாமா?

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து

---

ஈப்போவிலிருந்து:

தம்பிக்கு வணக்கம். தலைக்கணக்கு, தடக்கணக்கு இரண்டும் மோனையோடு அமைந்துவிட்டன, புணர்ச்சியும் சரி. மரம் + கிளை மரக்கிளை ஆவது போலத் தடம் + கணக்கு. ஒரே பயம், அச்சில் கடைசி எழுத்துகள் தவறினால் 'தலைக்கனம்' ஆகிவிடும். முதலாளிமாருக்கு அனுப்பும் தாளில் கவனம்.

கொள்ளளவு பற்றி நீங்கள் சொல்வதை முழுக்க ஏற்க மாட்டேன். சேமிப்பு வட்டு, சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுச்சொல் வேண்டும். கொள்ளளவு பிடிக்கவில்லை என்றால் 'கொள்திறன்' அங்கே இருக்கட்டும், தடத்தேவைக் கணிப்பு அதன் கீழ் வரட்டும். தொலைபேசிக்காரர்கள் தனிக்குடித்தனம் போக வேண்டாம்.

---

கிள்ளானிலிருந்து:

பேச்சுரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரண்டு நாள் யோசித்து உண்டாக்கிய சொல், மனசு கேட்கவில்லை. சரி, அந்த முதலாளி இப்போது என்ன சொல்கிறார்?

---

ஐயாவுக்கு,

'தலைக்கணக்கு 40' என்று முதலில் எழுதினேன். அவர் வாங்கியிருந்த உரிமம் தலையை எண்ணுவதே இல்லை என்று அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அடித்துவிட்டு 'தடக்கணக்கு 8, போன் எத்தனையும் வைக்கலாம்' என்று மாற்றிக் கொடுத்தேன். தாளை வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "எட்டும் ஓடிக்கிட்டு இருக்கும்போது ஒம்பதாவது ஆளுக்கு எங்கேஜ் அடிக்காம, பாட்டுப் போட்டு நிக்க வைக்க முடியுமா?"

எங்கள் இணைப்பகத்தில் காத்திருக்கும் அழைப்பும் ஒரு தடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். "அப்போ பத்தாப் போடு" என்றார்.

'கால் கியூ' என்பதற்கு 'அழைப்பு வரிசை' என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்குள் சொல்லுங்கள், அன்றைக்குத்தான் தாளில் கையெழுத்து.