கேசட் வேட்டை: குன்னூர், ஊட்டி, கோத்தகிரி அனுபவங்கள்

குன்னூரிலிருந்து:

வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வரும் அதிகாரிகள் ஒரு வருடத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். வெளிநாட்டுக்காரர்களும் அவர்களில் உண்டு. கிளம்பும்போது தூக்கிப் போக முடியாததை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்குப் பழைய வீடியோ கேம் கேசட் பைத்தியம் பிடித்தது அப்படித்தான். 2009இல் ரூம் ஹீட்டர் வாங்கப் போன வீட்டில், ஒரு ஷூ பெட்டி நிறைய, கையில் பிடித்து விளையாடும் ‘கேம்பாய்’ கருவியில் போடும் கேசட்டுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மொத்தம் 800 ரூபாய். ஹீட்டர் அடுத்த குளிரிலேயே புகைந்து போனது. கேசட்டுகள் இன்றைக்கும் ஓடுகின்றன.

இப்போது அதில் ஒரு கேசட்டை மட்டும் வாங்கவே அந்த 800 போல எத்தனையோ மடங்கு வேண்டும். 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாம் சின்ன வயதுச் சாமான்களைத் தேட ஆரம்பித்தார்கள், விலை ஏறியது. அடுத்த வருடம் அமெரிக்காவில் நடந்த ஏலம் மிச்ச வேலையைச் செய்தது. பிரிக்காத ‘சூப்பர் மாரியோ 64’ கேம் கேசட் ஒன்று 2021 ஜூலையில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த மாதமே பிரிக்காத ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஒன்று 20 லட்சம் டாலருக்கு விலைபோனது.

அந்தச் செய்தி எங்கள் ஊர்க் காயலான்கடை வரைக்கும் வந்துவிட்டது. போன மாதம் அங்கே மிக்சி ஜாருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கேசட்டைப் பார்த்தேன். லேபிள் பாதி கிழிந்திருந்தது, ‘9999 இன் 1’ என்று மட்டும் படிக்க முடிந்தது. நாம் பள்ளி லீவில் விளையாடிய அதே டிவி கேம் கேசட்தான். 9999 என்று பெயர், உள்ளே விரல் விட்டு எண்ணக்கூடிய கேம்கள். அதையே பெயரையும் லெவலையும் மாற்றி மாற்றிப் பட்டியல் போட்டிருப்பான். விலை கேட்டேன்.

“ஆறாயிரம் தம்பி.”

“அண்ணா, இது டூப்ளிகேட்டுங்க. அப்பவே நூறு ரூபாய்க்குள்ள கிடைச்சது.”

செல்போனை நீட்டினார். யாரோ போட்ட விளம்பரம், அதில் 80 டாலர். விளம்பரத்தில் எவன் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், விற்ற விலையைப் பாருங்கள் என்றேன். “வேணும்னா எடுங்க, இல்லைன்னா இருக்கட்டும்.” இருக்கிறது, இன்னும் அங்கேயேதான். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், எடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

ஊட்டியிலிருந்து:

நீங்கள் தப்பித்தீர்கள், நான் மாட்டினேன். கீழே சமவெளியில் ஒருவரிடம் ‘போக்கிமான் எமரால்ட்’ என்ற கேம் கேசட்டை 4,500 ரூபாய்க்கு வாங்கினேன், கூரியரில் வந்தது. பச்சை ஓடு, பளபளவென்று லேபிள். பத்து நாள் ராத்திரி தூங்காமல் விளையாடி கேமின் கடைசி எதிரிகள் நால்வரையும் ஜெயித்தேன். மறுநாள் போட்டால், விளையாடிய வரைக்கும் பதிந்து வைத்த சேவ் காணோம், முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. போலிக் கேசட்டுகளில் பல சரியாக அந்த இடத்தில்தான் கவிழும் என்று அப்புறம்தான் தெரிந்தது. திறந்து பார்த்தால், கால் வைத்த சிப் இருக்க வேண்டிய இடத்தில் தார் உருண்டை மாதிரி ஒரு கருப்புப் பொட்டு.

அசல் என்றால் பின்களுக்கு மேலே போர்டில் தயாரித்த கம்பெனியின் பெயர் நிண்டெண்டோ என்று அச்சடித்திருக்கும், லேபிள் ஓரத்தில் இரண்டு எண்கள் அழுத்திப் பதிந்திருக்கும். லேபிளைச் சாய்த்துப் பிடித்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

போலியாவது ஒரு தடவை ஏமாற்றும். எங்கள் ஈரம் வருடா வருடம் ஏமாற்றுகிறது. ஐப்பசி மழை பிடித்தால் இங்கே செருப்பிலேயே பூஞ்சை பூக்கும், கேசட் லேபிள் எம்மாத்திரம். பின்களில் பச்சை படிந்தால் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கிறேன். ஊதுவதை மட்டும் நிறுத்துங்கள். கழற்றி மாட்டியதால் ஓடியதை ஊதியதால் ஓடியது என்று நம்பி வளர்ந்துவிட்டோம். மூச்சில் இருக்கும் ஈரம் பின்னை அரிக்கும்.

மறுபடியும் குன்னூர்:

ஈரம் என்றதும் கேட்கிறேன். அந்த ஷூ பெட்டியில் ‘போக்கிமான் கோல்ட்’ ஒன்று இருக்கிறது. அதன் சேவ், உள்ளே பற்றவைத்திருக்கும் சின்ன பேட்டரியை நம்பித்தான் நிற்கிறது. இத்தனை வருடம் தாங்கியதே அதிசயம். யாரோ ஒரு அதிகாரியின் பிள்ளை விளையாடியது, கேமில் ஜெயித்தால் கிடைக்கும் 16 பேட்ஜும் வாங்கியிருக்கிறது. பேட்டரியை மாற்றினால் சேவ் போய்விடும், மாற்றாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் போய்விடும். என் வீட்டில் எல்லோரும் அழித்துவிட்டு விளையாடச் சொல்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை.

கோத்தகிரி:

என்னிடம் கேசட் ரீடர் இருக்கிறது. அந்த சேவ் பதிவைக் கம்ப்யூட்டரில் இறக்கிவிட்டு, புது சிஆர்2025 பேட்டரி பற்றவைத்து, திரும்ப ஏற்றிவிடலாம். அரை மணி நேர வேலை. சாதாரண ஸ்க்ரூட்ரைவருக்குப் பிடிகொடுக்காத அந்தக் கேசட் திருகுக்கு 3.8 மி.மீ. பிட்டும் (ஸ்க்ரூட்ரைவர் முனை) இருக்கிறது, பேனாக் குழாயைச் சூடாக்கித் திருகும் வித்தையெல்லாம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாங்க. அதுவரை பேட்டரியை நோண்டாதீங்க.

குன்னூர்:

நோண்டவில்லை. நேற்று ராத்திரி ஒரு தடவை போட்டு மட்டும் பார்த்தேன். அந்தப் பிள்ளை விளையாடிய நேரம், 163 மணி 12 நிமிடம். அப்படியே இருக்கிறது.